பாராசூட் பைக்கு இரண்டு பூச்சு

ஜெலாப்பாங் தொழிற்பேட்டைப் பக்கம் காடி சீட்டுக்கு, அதாவது கார் இருக்கைக்கு, உறை தைக்கும் கடைகள் நாலைந்து இருக்கின்றன. அதில் பெண் முதலாளி நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும், முப்பது வருஷம் விரலில் ஊசி குத்தி வாங்கிய குரல்தானே. சீட்டு தைப்பதோடு, மழைத் தண்ணீரும் கோப்பியும் பிள்ளைகள் கொட்டும் மைலோவும் துணியில் ஊறாமல் இருக்க ஸ்ப்ரே அடித்தும் கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் அதைக் 'கோட்டிங்' என்பார்கள். அடித்துக் காய்ந்த பிறகு மேலே தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

கோட்டிங் அடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். டப்பாவைக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அழுத்தினால் முடிந்தது. என் கடை பெயர் எடுத்தது வேறொரு காரணத்தால். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் அடிப்பார்கள். நான் தையல் மடிப்பை விரலால் விரித்து அதற்குள்ளும் அடிப்பேன். சீட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுப்பேன். "அத யாரு பாக்கப் போறாங்கக்கா?" என்று என்னிடம் வேலை செய்யும் பெண் ஒருநாள் கேட்டாள். "தண்ணி பாக்கும்லா," என்றேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. எங்கள் வீட்டில் மழையைப் பார்த்து யாரும் கவிதை பாடியதில்லை.

என் மகள் விமானத்திலிருந்து குதிப்பவள்.

இதைப் படிப்பவர்கள் ராணுவமா என்று கேட்பார்கள். இல்லை. அவள் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவுக்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சனி, ஞாயிறு வந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு குதிக்கப் போய்விடுவாள். முதல் தடவை நான் பார்க்கப் போனபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவை ஒரு கண்ணைத் திறந்தேன். மூன்றாம் தடவை பக்கத்தில் நின்றிருந்த சீன அம்மாவைத் தோளில் தட்டி, "அந்த மஞ்சள் என் மகள்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வானத்தில் கை கால் விரித்துக் கிடக்கும் படம் என் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. சீட்டு தைக்க வருகிறவர் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என் கணவரின் அக்கா ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறார். அவருக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. "பொம்பளப் புள்ளைய வானத்துல இருந்து தள்ளிவிட்டுட்டு இவ கீழ நின்னு கைதட்டுறா," என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார். அந்த வார்த்தை இரண்டு வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனால்தான், தைப்பிங்கில் ஒரு பொது விழாவில் எட்டுப் பெண்கள் வானத்தில் கைகோத்து, பிறகு பிரிந்து திடலில் இறங்கப் போகிறார்கள், அதில் நம் பிள்ளையும் ஒருத்தி என்று தெரிந்ததும் நானே போன் போட்டேன். "அண்ணி, ஞாயித்துக்கெழம கட்டாயம் வரணும். வந்து உங்க கண்ணால பாருங்க," என்றேன். அவரும் விடவில்லை. ஒரு வேனைப் பிடித்து, பதினாலு பேராக வருவதாகச் சொன்னார்.

விழாவுக்கு முந்திய வாரம் ஒத்திகையில் மழை பெய்து, மகள் சேற்றில் இறங்கினாள். பை முழுக்கச் செம்மண். அதைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தப் பையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பார்க்கப் பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதற்குள் இரண்டு பாராசூட்கள். கீழே இருப்பதை அவளே மடித்து வைப்பாள். மேலே இருப்பது ரிசர்வ். கீழ் பாராசூட் திறக்காமல் போனால் உயிரைக் காப்பது அதுதான். ரிசர்வை அவள் மடிக்கக் கூடாது. அதற்கென்றே உரிமம் வாங்கிய ஒருவர் மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை வைத்துக் கொடுப்பார். அவரை ரிக்கர் என்கிறார்கள்.

"மா, வெளித்துணிக்கு மட்டும் உங்க கோட்டிங் அடிக்கலாம்னு பாக்குறேன்," என்றாள் மகள். "தைப்பிங்ல எப்பவும் மழைதானே. ஆனா ரிக்கர மொதல்ல கேக்கணும். ரெண்டு பாராசூட்டையும் வெளிய எடுத்துட்டுத்தான் அடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க, சரியா?"

"எனக்கே துணிய சொல்லித் தாரியா?"

"துணி இல்ல மா. இது வேற."

இது வேற. அந்த ஒரு சொல் எனக்கு உறைத்துவிட்டது. துணி என்றால் துணிதான், அதில் என்ன வேறு? அவள் வாரம் முழுக்க மாலை ஷிப்டு. வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை, வேலை இல்லை. பை மேஜைமேல் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. பிள்ளைக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று எடுத்துவிட்டேன்.

செம்மண்ணை ஈரத் துணியால் துடைத்து, பிரஷ் போட்டு, விசிறிக்கு அடியில் காயவைத்தேன். வெளித்துணிக்கு இரண்டு பூச்சு. தோள் வார்களுக்கு ஒன்று. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நானில்லை. கீழே இருந்த மூடி மடல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்பக்கம் அடித்தேன். மேலே ரிசர்வுக்கு ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்தால் சிவப்பு நூலும் முத்திரையும் தெரிந்தன. முத்திரையை நான் தொடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. அதைச் சுற்றி இருந்த ஓரங்களை விரலால் விரித்து, உள்ளே போகும்படி நன்றாக அடித்தேன். தண்ணீர் எப்போதும் மடிப்பு வழியாகத்தானே போகும்.

காய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு நிற்கவில்லை. இந்த நாட்டிலேயே இதைவிட நன்றாகக் காப்புப் போட்ட பாராசூட் பை இருக்காது என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் போனில் படம்கூட எடுத்தேன். சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்த கணவர் மூக்கைச் சுளித்து, "புள்ள தொடாதேன்னு சொன்னாளே," என்றார்.

"அவ சொல்லுவா," என்றேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மகள் போன் செய்தாள். அப்போது ஒரு டாக்சிக்காரரின் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மா, ரிக்கர் சொல்லிட்டாரு. வெளிய அடிக்கலாமாம், ஆனா உள்ள ஒரு சொட்டு போகக் கூடாதாம். ரிசர்வ் துணியில அந்த மருந்து பட்டா அது எப்படித் தொறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதாம். அதனால நாளைக்கு ஷோ முடியட்டும், அடுத்த வாரம் எல்லாத்தையும் எடுத்துட்டு நிதானமா அடிக்கலாம்."

"சரிம்மா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு அந்த டாக்சி சீட்டைக் கோணலாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் கோணலாகத் தைத்தேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உள்ளே போயிருக்காது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போயிருந்தாலும் காய்ந்திருக்குமே என்று அடுத்த நிமிஷம். வேனும் பதினாலு பேரும் நாத்தனாரின் வாயும் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. முப்பது வருஷத்தில் நான் ஒரு வாடிக்கையாளரிடமும் "என் தப்பு" என்று சொன்னதில்லை. சொல்லும்படி வேலை செய்ததில்லை என்பது என் பெருமை. உன் மகளின் உயிரைவிட உன் பெயர் பெரிதா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் மகள் வந்து பையைத் தூக்கிப் பார்த்து, "மண்ணெல்லாம் போயிருச்சே, நல்லா தொடச்சிருக்கீங்க மா," என்று என் கன்னத்தில் முத்தம் வைத்தாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினோம். கணவர் காடி ஓட்ட, மகள் முன்னால் உட்கார்ந்தாள். பின்சீட்டில் நானும் பையும். பைக்கும் சீட் பெல்ட் போட்டு விட்டிருந்தாள். சுரங்கப் பாதையைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. கணவருக்குக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்பார். அந்த இடுக்கு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நாலைந்து சொட்டு பையின் மேல் விழுந்தது.

விழுந்த சொட்டுகள் உருண்டன. முத்து முத்தாக, அழகாக, நான் ஆயிரம் சீட்டில் பார்த்துப் பூரித்த மாதிரியே உருண்டு, ரிசர்வ் மூடியின் ஓரம்வரை வந்து கீழே வழிந்தன. என் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. உள்ளேயும் அப்படித்தானே அடித்தேன்.

"காடிய நிறுத்துங்க," என்றேன்.

"ஹைவேல எங்க நிறுத்துறது? என்னாச்சு?" என்றார் கணவர்.

"அப்ப ஓட்டுங்க. நான் சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க." சொன்னேன். வியாழக்கிழமை என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "கீழ மடலுக்குள்ள அடிச்சீங்களா?" என்றாள். அடித்தேன் என்றேன். "மேல மூடிய தொறந்தீங்களா?" திறந்தேன். "ஓரத்த விரிச்சீங்களா?" விரித்தேன். "எத்தன பூச்சு?" இரண்டு. தொழிற்சாலையில் கையுறையைப் பிடித்துப் பார்க்கும் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கீழ இருக்குற பெருசுதானே எப்பவும் தொறக்குது," என்றேன், கெஞ்சுகிற மாதிரி. "இத்தன தடவ குதிச்சிட்ட, ஒரு தடவையாவது ரிசர்வ் வேணும்னு வந்துச்சா?"

"வரல மா. வர்ற அன்னிக்கு அது சரியா தொறக்கணும், அதுக்குத்தான் இது." பையைப் பார்த்தபடியே கேட்டாள். "உள்ள படக் கூடாதுன்னு எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து. நீ போன்ல சொன்னப்ப."

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேத்தே சொல்லியிருந்தா கோலாலம்பூர்ல இருந்து ஒருத்தங்க பைய இரவல் கேட்டிருப்பேன். ராத்திரியே வந்திருக்கும்," என்றாள். அதைக் கேட்பதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம். ஸ்ப்ரே அடித்தது தெரியாமல் செய்தது. ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. அவள் இடத்தைப் பறித்தது அதுதான்.

ஓடுதளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொட்டகையில் ரிக்கர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். என் தம்பி வயது இருக்கும், மலாய்க்காரர், முன்பு ராணுவத்தில் இருந்தவர். மகள் பையை மேஜைமேல் வைத்து வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில், இது என் தப்பு, இவளுக்குத் தெரியாது, தொடாதே என்று சொல்லியும் செய்தேன் என்றேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக 'என் தப்பு' என்று சொன்னேன், அதுவும் வேற்று மொழியில்.

அவர் பையை மோந்து பார்த்தார். விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு நூலை அறுத்து, தரையில் விரித்திருந்த பெரிய துணியின் மேல் ரிசர்வைப் பிரித்தார். வெள்ளைவெளேரென்று, காற்றுப் பட்டாலே நழுவுகிற துணி. என் கடைக்கு அப்படி ஒரு துணி வந்ததே இல்லை. ஓரத்தில் ஒரு மடிப்பு மட்டும் மற்றதைப் போல நழுவாமல், உள்ளங்கை அகலத்துக்கு விறைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நீவிக் காட்டினார்.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"தெரியாது, அக்கா," என்றார் மலாயில். "ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். தெரியாததை நான் யார் முதுகிலும் கட்ட மாட்டேன். தயாரித்தவர்களுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வேன்." அறுத்த நூலை எடுத்துக் காட்டி, "முத்திரை அப்படியே இருந்தது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன். அவள் இதோடு ஏறியிருப்பாள்," என்றார்.

அவர் என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் குழுத் தலைவியிடம் போய், "இன்னிக்கு நான் இல்ல," என்றாள். ஒன்பதாவதாக ஒரு சின்னப் பெண் தயாராக நின்றிருந்தாள். பினாங்கிலிருந்து வந்தவள், குதிக்க வாய்ப்பே வராது என்று நினைத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இடம் கிடைத்ததில் சிரிப்பதா, என் மகளைப் பார்த்து வருத்தப்படுவதா என்று தெரியாமல் விழித்தாள். என் மகளே போய் அவளுடைய வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்து, தன் இடத்தில் யார் கையை முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மகளின் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கும்போது வராத ஒரு நிமிர்வு அப்போது எனக்கு வந்தது. இவளை நான்தானே பெற்றேன் என்று நினைத்தேன். கூடவே, இவளுக்கு நான் இப்படிச் செய்துவிட்டேனே என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பிறகு என்னிடம் வந்தாள். "நான் தெடலுக்குப் போறேன் மா. காத்து எந்தப் பக்கம்னு காட்ட கீழ ஒரு ஆள் கொடி பிடிக்கணும். நீங்க போய் அத்தைகூட நில்லுங்க," என்றாள். இன்னும் கோபம் இருந்தது, தெரிந்தது. ஆனாலும் என் முந்தானை மழையில் நனைகிறது என்று குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் விட்டிருந்தது. வேன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. நாத்தனார் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். பதினாலு பேரும் வேலியோரமாகப் பாய் விரித்து, வடையும் மிஹூனும் பரப்பி, ஊர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அதில் கடைக்குட்டி, நாத்தனாரின் பேத்தி, ஒரு அட்டையில் மகளின் படத்தை வரைந்து தூக்கிப் பிடித்திருந்தாள். குடையை மடக்கிக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் போய் நின்றேன்.

விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முதலில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள், பிறகு எட்டும் ஒன்று சேர்ந்து வட்டமாயின. கூட்டம் ஓ என்றது. வட்டம் பிரிந்து எட்டு நிறங்களில் பாராசூட்கள் விரிந்தன.

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டிருந்தது. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது, அன்றுதான் தெரிந்தது. "ஏம்மா, எது நம்ம புள்ள?" என்று கேட்டார்.

மேலே ஒரு மஞ்சள் பாராசூட் இருந்தது. கையைத் தூக்கி அதைக் காட்டினால் போதும். அவ்வளவு உயரத்தில் யார் முகம் யாருக்குத் தெரியும்? மகள் பிறகு வந்து எப்படியாவது சமாளித்துக்கொள்வாள். இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அதுதான்.

"மேல இல்ல அண்ணி," என்றேன். "அவ பைய நான் கெடுத்துட்டேன். தொடாதேன்னு சொன்னா, தொட்டேன். தெரிஞ்சும் ஒரு நாள் சொல்லாம மறச்சேன். இன்னிக்குச் சொன்னதும், இதோட குதிக்க மாட்டேன்னு அவளே எடத்த விட்டுக் குடுத்துட்டா. அதோ, தெடல் நடுவுல கொடியோட நிக்குறா பாருங்க, நீலச் சட்ட. அதுதான் நம்ம புள்ள."

நாத்தனார் என் முகத்தையே பார்த்தார். பந்தியில் கேட்ட மாதிரி ஏதாவது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார், திடலைப் பார்த்தார். பிறகு பேத்தியின் தோளைப் பிடித்து அட்டையோடு திருப்பி நிறுத்தினார்.

"அங்க இல்லலா, இங்க," என்று மற்றவர்களைப் பார்த்து அதட்டினார். "நம்ம புள்ள கீழ நிக்குது. எல்லாரும் கைய ஆட்டுங்க."

ஆயிரம் பேர் கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் திடலில், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த பதினாலு பேர் மட்டும் தரையில் நின்ற ஒருத்தியைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு நானும் ஆட்டினேன். மகள் கொஞ்ச நேரம் எங்களைக் கவனிக்கவில்லை, இறங்கி வருகிறவர்களுக்காகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெண்ணும் பத்திரமாகப் புல்லில் கால் வைத்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள். திரும்பி, கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை உயர்த்தினாள்.